பரண்மேல் கிடக்கும் நாட்டுத் துப்பாக்கியும் 45-ஆம் பிரிவும்

கடலூர் பக்கம் பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது, பரணிலிருந்து இறங்கும் அண்டா குண்டான்களோடு சில சமயம் ஒரு நீளமான இரும்புக் குழலும் செல்லரித்த மரக்கட்டையும் இறங்கும். உடனே கூடத்தில் இரண்டு கட்சி பிரியும். "பாட்டன் காலத்துச் சாமான், இதுக்குப் போயி லைசென்ஸா?" என்பது ஒரு கட்சி. "ராத்திரியோட ராத்திரியா கெடிலம் ஆத்துல வீசிட்டு வந்துடு" என்பது மறு கட்சி. இரண்டு பேச்சும் ஆளை உள்ளே தள்ளக்கூடியவை.

சட்டம் கேட்கும் கேள்வி வேறு. எத்தனை வருசம் பழசு என்று அது கேட்பதில்லை. சுடுமா, சுடாவிட்டால் பழுது பார்த்தால் சுடுமா என்றுதான் கேட்கிறது.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அதுதான் சட்டம். அதன் 2-ஆம் பிரிவில் துப்பாக்கிக்கு ஒரு விளக்கம் உண்டு. வெடிபொருளின் விசையாலோ வேறு வகை ஆற்றலாலோ எந்த விதக் குண்டையாவது எறியும்படி வடிவமைத்த, அல்லது அதற்கேற்ப மாற்றிய எதுவும் துப்பாக்கி. வாய்வழியாக மருந்து போட்டு இடிப்பதா, பின்பக்கம் மடக்கித் தோட்டா செருகுவதா என்ற வேறுபாடு இந்த விளக்கத்துக்குள் இல்லை. பீரங்கி இதில் அடக்கம். உதிரி பாகங்களும் அடக்கம். ஆகவே ஒற்றைக் குழல் வாய்வழித் துப்பாக்கி, உரிமப் புத்தகத்தில் எஸ்.பி.எம்.எல். என்று எழுதுவார்களே அது, தோட்டா போடும் பன்னிரண்டு போர் (போர் என்பது குழல் வாயின் அளவு) துப்பாக்கியைப் போலவே 3-ஆம் பிரிவின்படி உரிமம் கேட்கும் பொருள்தான்.

பழசு என்று வாதாடுபவர்கள் கையில் வைத்திருப்பது 45-ஆம் பிரிவின் (சி) உட்பிரிவு. வழக்கொழிந்த மாதிரியைச் சேர்ந்த, அல்லது தொன்மை மதிப்புள்ள, அல்லது பழுதாகிப்போன ஆயுதத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது அது. பலர் இந்த இடத்தோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். வாக்கியம் அங்கே முடியவில்லை. "பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாதது" என்று ஒரு வால் இருக்கிறது. விலக்கு முழுவதும் அந்த வாலில்தான் தொங்குகிறது.

இதை ஒரு நாட்டுத் துப்பாக்கியின் உறுப்புகளை வைத்துப் பார்த்தால் விளங்கும். கேப்பு (அடித்தால் பொறி விடும் சின்னச் செப்பு மூடி) வைத்துச் சுடும் வகையில் குழல், அதன் அடியை அடைக்கும் திருகு மூடி, கேப்பு உட்காரும் நிப்பிள், அதன்மேல் விழும் குதிரை, உள்ளே வில், விசை, கட்டை, மருந்து இடிக்கும் கம்பி என்று இருக்கும். குதிரை உடைந்திருக்கிறதா? கொல்லுப்பட்டறையில் அரை நாள் வேலை. நிப்பிள் துருப்பிடித்து அடைத்திருக்கிறதா? மாற்றிவிடலாம். கட்டை செல்லரித்துப் போனதா? தச்சர் போதும். வில் இல்லையா, விசை இல்லையா? அவையும் செய்யக்கூடியவை. இவற்றில் எது இல்லாவிட்டாலும் "பழுது பார்த்தாலும் முடியாது" என்று சொல்ல வராது. கேப்பு முறைக்கும் முந்தைய வகையில், குழலின் அடியில் நெருப்புப் போக ஒரு சிறு துளை மட்டும் இருக்கும். அதற்குக் குதிரையே தேவையில்லை, வெறும் குழலே துப்பாக்கி. கடைசியில் எல்லாம் குழலில் வந்து நிற்கிறது. துரு குழலைத் தின்று ஓட்டை போட்டிருக்க வேண்டும், அல்லது நீளவாக்கில் பிளந்திருக்க வேண்டும், அல்லது அடிமூடி பிடிக்கும் மரையே கரைந்து போயிருக்க வேண்டும். அப்போதுதான் (சி) உட்பிரிவைப் பற்றிப் பேச ஏதாவது இருக்கிறது. அதையும் முடிவு செய்வது வீட்டுக்காரர் இல்லை. காவல்துறையின் ஆயுதப் பணிமனை ஆளோ தடயவியல் துறையின் துப்பாக்கி நிபுணரோ பார்த்து எழுத்தில் சொல்ல வேண்டும். வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் கேட்பதும் அந்த அறிக்கையைத்தான்.

அப்படியானால் நாமே குழலை அறுத்துவிட்டால் என்ன என்று சிலருக்குத் தோன்றும். வேண்டாம். உரிமம் இல்லாமல் குழலை வெட்டிக் குட்டையாக்குவது 6-ஆம் பிரிவில் தனிக் குற்றம். எமரித்தாள் போட்டுத் துருவைத் தேய்க்கிறேன் என்று கிளம்புவதும் ஆபத்து. குழலின் மேல்முகத்திலும் பக்கத் தகட்டிலும் இருக்கும் பெயர், எண், முத்திரை எல்லாம் துருவோடு சேர்ந்து போய்விடும். அடையாளக் குறி இல்லாத துப்பாக்கி ஒருவர் கையில் இருந்தால் அவர்தான் அதை அழித்தார் என்று 8-ஆம் பிரிவு அனுமானிக்கும். இல்லை என்று காட்டும் பாரம் அவர் தலையில். பட்டறையில் செய்த பல நாட்டுத் துப்பாக்கிகளில் பிறவியிலேயே எண் கிடையாது என்பது வேறு. அதனால்தான் இருக்கும் சின்னக் கீறலைக்கூடத் தொடாமல் படம் எடுத்து வைக்க வேண்டும் என்கிறேன்.

பழுது பார்க்கக் கொடுப்பது இன்னும் மோசம். செய்வது, விற்பது, மாற்றுவது, பழுது பார்ப்பது, சோதித்துப் பார்ப்பது எல்லாம் 5-ஆம் பிரிவில் வருகின்றன, அவற்றுக்குத் தனி உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பிரிவை மீறினால் 7 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை. உரிமமில்லாமல் வெறுமனே வைத்திருந்ததற்கு 2 முதல் 5 ஆண்டு வரையும் அபராதமும். பரணில் கிடந்ததைக் கொல்லரிடம் கொண்டுபோய் "சும்மா குதிரையை மட்டும் சரிபண்ணிக் குடுங்கண்ணே" என்று கேட்பவர், தன் தலையிலிருக்கும் சின்னச் சுமை போதாதென்று கொல்லர் தலையில் பெரிய பாறையை வைக்கிறார்.

2020 பிப்ரவரியில் ஒரு தளர்வு வந்தது. அதைப் பற்றி வாட்சப்பில் பாதிதான் சுற்றுகிறது. கியூரியோ (அரும்பொருள்) என்ற வகையில் வரும் சிறு ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் தேவையில்லை என்று உள்துறை அமைச்சகம் அறிவித்தது உண்மை. அதே அறிவிப்பின் மறுபாதி இது: சுடுவதற்கும், கையோடு எடுத்துப் போவதற்கும், வண்டியில் ஏற்றி அனுப்புவதற்கும் உரிய உரிமம் வேண்டும், அந்த ஆயுதம் உரிமத்தில் பதியப்படாமல் அதற்கு மருந்தோ குண்டோ யாரும் விற்கக் கூடாது. சுவரில் மாட்டலாம், சுவரிலிருந்து இறக்கித் தெருவுக்குக் கொண்டுவரக் கூடாது என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். நம்முடையது அந்த வகைதான் என்று நாமே முத்திரை குத்திக்கொள்வதும் சரியல்ல. கலெக்டர் அலுவலகத்தில் விவரத்தோடும் படத்தோடும் எழுதிக் கொடுத்துப் பதில் வாங்கி வைப்பவர் நிம்மதியாகத் தூங்குவார். போன வருசம் மலையடிவாரப் பட்டறையில் அடித்த குழலுக்குப் புளியைத் தடவிக் கறுப்பேற்றி "நவாப் காலத்தது" என்று விற்கிறவர்களும் உண்டு. வாங்கினவர் கியூரியோ என்று சொன்னால் நிபுணர் அறிக்கை சிரிக்கும்.

குழப்பத்தில் பாதி யூடியூபிலிருந்து வருகிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 1898-இலோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி பழம்பொருள். அதே மாதிரியில் இன்று புதிதாய்ச் செய்த கருமருந்து நகல்களுக்கும் பெரும்பாலும் அந்தச் சலுகை உண்டு. அதனால் அங்கே தபாலில்கூட வாங்குகிறார்கள். பிரான்சில் 1900 ஜனவரி 1-க்கு முந்தைய மாதிரிகளும், அவற்றின் கருமருந்து நகல்களும் அந்நாட்டு ஆயுதப் பட்டியலில் டி வகை, வயது வந்தவர் சுலபமாக வாங்கலாம். புதுச்சேரிக்கு இது வெறும் தகவல் இல்லை. அங்கே உறவும் போக்குவரத்தும் உள்ள குடும்பங்கள் இங்கே நிறைய. பாரிஸ் கடையில் ரசீதோடு வாங்கிய பொருள் சென்னை விமான நிலையத்தில் இறங்கியதும் இந்தியச் சட்டத்தில் துப்பாக்கி ஆகிவிடும். கொண்டுவருவதற்கு 10-ஆம் பிரிவில் இறக்குமதி உரிமம் வேண்டும், அங்கத்திய ரசீது இங்கே செல்லாது. எதிர்த்திசையும் அப்படித்தான். நூறு ஆண்டைத் தாண்டிய பொருள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் தொல்பொருளாகலாம், அதைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது. வெள்ளையர் தெருவில் பழைய மரச்சாமான் பார்க்க வரும் பயணிக்கு அலமாரியோடு ஒரு பழைய துப்பாக்கியையும் கட்டிக் கொடுக்கும் யோசனை இரண்டு சட்டத்திலும் மாட்டும்.

நாட்டுக்குள்ளேயே விலக்குள்ள இடம் ஒன்று உண்டு, குடகு. குடவ இனத்தாருக்கும் ஜம்மா என்ற பரம்பரை நில உரிமையாளர்களுக்கும் பிரிட்டிஷ் காலத்திலிருந்தே ஆயுத உரிமத்திலிருந்து விலக்கு. மத்திய அரசு 2019-இல் அதை 2029 வரை நீட்டித்தது. அது அந்த மண்ணுக்கும் அந்த மக்களுக்கும் உரியது. நம் முந்திரித் தோப்புக்கு ஒட்டாது.

இனி மருந்து. துப்பாக்கி சுடாது என்று நிரூபித்துவிட்டாலும் மருந்து தனியாக மாட்டிவிடும். 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தில் வெடிபொருள் என்ற சொல்லின் விளக்கமே கருமருந்தில்தான் தொடங்குகிறது. உரிமமில்லாமல் தயாரித்தால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். வைத்திருந்தால், விற்றால், ஏற்றிப் போனால் 2 ஆண்டு வரை, 3,000 ரூபாய் வரை. தொகை சிறியதாய்த் தெரியும். சந்தேகத்துக்கிடமான சூழலில் வைத்திருந்ததாகக் கருதி 1908-ஆம் ஆண்டு வெடிபொருள்கள் சட்டத்தைச் சேர்த்தால் கதை 10 ஆண்டுக்குப் போகும். துப்பாக்கியில் போடுவதற்கென்று அளந்து வைத்த மருந்து ஆயுதச் சட்டத்திலும் வெடிசரக்குதான். செய்தித்தாளில் "நாட்டுத் துப்பாக்கி, கருமருந்து, பால்ரஸ் குண்டுகள் பறிமுதல்" என்று மூன்றையும் வரிசையாகப் போடுகிறார்களே, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு.

உரிமம் உள்ளவர், உரிமத்தில் குறித்த அளவுக்குள், உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் வாங்கிப் புத்தகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். வழி அது ஒன்றுதான். தீபாவளிப் பட்டாசைப் பிரித்து எடுத்த மருந்தில் வேறு ரசாயனம் கலந்திருக்கும், உராய்ந்தாலே பிடித்துக்கொள்வது அதில் உண்டு. தோட்டாவைப் பிரித்து எடுத்த புகையில்லா மருந்து இன்னும் கொடியது. கருமருந்தின் அழுத்தத்துக்கென்று அடித்துச் செய்த குழல் அதைத் தாங்காது. அடிமூடி பின்னோக்கிப் பிய்த்துக்கொண்டு வரும், பின்னால் இருப்பது சுடுபவரின் முகம்.

பரண் துப்பாக்கியில் சட்டத்தைவிட அவசரமான சங்கதி ஒன்று இருக்கிறது. அது உள்ளே மருந்தும் குண்டும் இடித்துக் கெட்டித்தே இருக்கலாம். கருமருந்து நனையாமல் இருந்தால் நூறு வருசம் கழிந்தும் வேலை செய்யும். நனைந்து காய்ந்ததையும் நம்ப முடியாது. வேட்டைக்குக் கெட்டித்துக்கொண்டு போய், சுட ஒன்றும் கிடைக்காமல் திரும்பி, அப்படியே மாட்டி வைப்பது அந்தக் கால வழக்கம். தோட்டாத் துப்பாக்கியைப் போல மடக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ள இதில் வழியில்லை. அனுபவமுள்ளவர்கள் ஒரு மரக்குச்சியைக் குழல் வாயில் மெதுவாக அடிவரை விட்டு, வாயருகே குச்சியில் குறி வைத்து, பிறகு குச்சியை வெளியே எடுத்துக் குழலின் மேலேயே நீட்டிப் பார்ப்பார்கள். குறியை வாய்க்கு நேராக வைத்தால் குச்சியின் முனை நிப்பிள் இருக்கும் இடம்வரை போக வேண்டும். இரண்டு மூன்று விரற்கடை முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. குளவிக்கூடாகவும் இருக்கலாம், மருந்தாகவும் இருக்கலாம். இரும்புக் கம்பி விடக் கூடாது, கம்பியும் குழலும் உரசினால் பொறி பறக்கும். குதிரை தூக்கி நின்றாலோ நிப்பிள்மேல் பச்சைபிடித்த செப்புக் கேப்பு ஒட்டியிருந்தாலோ இந்தச் சோதனையே வேண்டாம். வாய் ஆள் இல்லாத பக்கம் பார்க்க அப்படியே விட்டுவிட்டு, பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள். உள்ளே இருப்பதை வெளியே எடுக்கும் வேலை வீட்டில் செய்வதல்ல.

உரிமம் வாங்க முடியுமா என்றால், வாய்வழித் துப்பாக்கிக்குச் சட்டமே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, 3-ஆம் உட்பிரிவு. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழித் துப்பாக்கி கேட்டால் உரிம அதிகாரி வழங்க வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. அது போதாது என்று அதிகாரிக்குத் திருப்தியானால் குழல் இருபது அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே வரிப்பள்ளம் இல்லாத வழுவழுப்பான குழலுள்ள வேறு துப்பாக்கிக்கும் தரலாம். "வேண்டும்" என்ற சொல் இருப்பதால் கேட்டதும் கிடைத்துவிடாது. காவல் நிலைய அறிக்கையும், 14-ஆம் பிரிவின் மறுப்புக் காரணங்களும் நடுவில் நிற்கின்றன. ஆனால் சொத்து போதவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், கேட்டால் தர வேண்டும் (பொதுநலன் கருதித் தர முடியாது என்று அதிகாரி கருதினாலொழிய). 18-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. வாய்மொழியாக "இப்பல்லாம் யாருக்கும் குடுக்கிறதில்லைங்க" என்று கவுண்டரில் சொன்னதைக் கேட்டுத் திரும்பி வருபவர்களிடம் மேல்முறையீட்டுக்குக் காகிதமே இருக்காது.

மனு இணையத்தில் என்.டி.ஏ.எல். என்ற தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளம் வழியாகப் போகிறது. ஒவ்வோர் உரிமத்துக்கும் தனி அடையாள எண் உண்டு. உரிம அதிகாரி கடலூரில் மாவட்ட ஆட்சியர், புதுச்சேரியில் மாவட்ட நடுவர். வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். பயிர்ப் பாதுகாப்பு என்று கேட்டால் நிலத்தைக் காட்டத்தான் வேண்டும். கடலூர்ப் பக்கம் பட்டா, சிட்டா, அடங்கல். புதுச்சேரிக் கொம்யூன்களில் செட்டில்மென்ட் நகல். எந்தப் பயிர், எத்தனை காணி, எந்த விலங்கு, இதற்குமுன் வனத்துறைக்கோ வருவாய்த்துறைக்கோ சேதம் பற்றி எழுதிக் கொடுத்த மனுவின் நகல் இவை இருந்தால் "உண்மையான" என்ற சொல்லுக்கு உயிர் வரும். பண்ருட்டிப் பக்கத்து முந்திரி, பலாத் தோப்புக்காரரின் மனுவுக்கும், நகரத்துக்குள் மாடிவீட்டில் இருந்துகொண்டு குத்தகைக்கு விட்ட நிலத்தைக் காட்டுபவரின் மனுவுக்கும் அதிகாரி ஒரே கண்ணால் பார்க்க மாட்டார்.

ஆனால் பயிர்ப் பாதுகாப்பு உரிமம் காட்டுப்பன்றியைச் சுடும் அனுமதி ஆகாது. இதைப் பலமுறை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. துப்பாக்கி வைத்துக்கொள்ள ஒரு சட்டம், விலங்கைக் கொல்ல இன்னொரு சட்டம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி, நின்ற பயிரை அழிக்கும் விலங்கைக் கொல்லத் தலைமை வனஉயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ எழுத்தில் ஆணையிட வேண்டும். அந்த ஆணை இல்லாமல் வெடிச்சத்தம் காட்டி விரட்டுவதோடு நிற்க வேண்டும். மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது, பயிரைக் கொத்துகிறது என்ற காரணம் அதற்கு எடுபடாது. அவுட்டுக்காய் (இரைக்குள் பொதிந்த நாட்டு வெடி) வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதில் வெடிபொருள் சட்டம், வனச்சட்டம் இரண்டும் சேர்ந்து வரும். மாடு கடித்து வாய் சிதறிய கதைகளும் நம் பக்கம் குறைவில்லை.

தாத்தா பெயரில் உரிமம் இருந்தது, அவர் காலமாகிவிட்டார், துப்பாக்கி மட்டும் வீட்டில் இருக்கிறது என்பது அடிக்கடி வரும் நிலைமை. அவர் இறந்ததோடு அந்த உரிமத்தின் நிழலும் போய்விட்டது. ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்வது: தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்படைத்தால் பறிபோகும் என்ற பயத்தில்தான் பலர் ஒளித்து வைக்கிறார்கள். ஒப்படைத்தபின் வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்கலாம், அல்லது முறைப்படி விற்கலாம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் வாரிசுகளுக்கு வழி இருக்கிறது. உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயதானாலோ துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, எது முந்தியதோ அப்போது வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். அப்பாவுக்கு எழுபது தாண்டியிருந்தால் இந்த வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது என்பதும், பரம்பரைச் சொத்தாக வந்தாலும் அந்த எண்ணிக்கை மாறாது என்பதும் 2019 திருத்தம். விற்பதென்றால் மாவட்ட நடுவருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். வாங்குபவரிடம் செல்லுபடியாகும் உரிமம் இருக்க வேண்டும். உரிமம் இப்போது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு.

ஒருபோதும் உரிமமே இல்லாமல் கிடந்த துப்பாக்கி என்றால் 21-ஆம் பிரிவு பாதுகாப்பு ஆகாது. அதற்காக ஒளித்து வைப்பதும் புத்திசாலித்தனமில்லை. 1972-இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, வைத்திருத்தல் என்பது அறிந்து வைத்திருத்தல், கையில் பிடித்திருக்க வேண்டும் என்பதில்லை. பரணில் கிடந்தது தெரியாது என்பவரின் நிலை வேறு, தெரிந்த மறுநாளிலிருந்து அவர் நிலை வேறு. மலைப்பகுதிகளில் தாமாகக் கொண்டுவந்து ஒப்படைப்போர்மேல் நடவடிக்கை இல்லை என்று காவல்துறை அவ்வப்போது அறிவிக்கும், அந்த அறிவிப்பு இருக்கும் காலத்தில் கொடுப்பது நல்லது. இல்லாத காலத்தில் ஒரு வக்கீல் மூலம், எங்கே எப்போது எப்படிக் கிடைத்தது என்று படத்தோடு எழுதிக் கொடுத்து, அவர்களை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கோணிப்பையில் சுற்றி டவுன்பஸ்ஸில் ஸ்டேஷனுக்குக் கொண்டு போகாதீர்கள். வழியில் சோதனை வந்தால் வைத்திருந்ததோடு எடுத்துச் சென்றதும் சேர்ந்துகொள்ளும். 3-ஆம் பிரிவு மீறலுக்கு வழக்கு நடத்த மாவட்ட நடுவரின் முன் அனுமதி வேண்டும் என்று 39-ஆம் பிரிவு சொல்கிறது. நல்லெண்ணத்தில் எழுதிக் கொடுத்த கடிதத்தின் தேதி அந்த மேசையில்தான் பேசும்.

உரிமம் உள்ளவர்களுக்கும் எங்கள் பக்கம் ஒரு தனித் தொல்லை, எல்லை. கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் முள்ளோடையைத் தாண்டினால் யூனியன் பிரதேசம். வீடு பாகூரில், நிலம் கடலூர்ப் பக்கம் என்று இருப்பவர்கள் ஏராளம். உரிமத்தில் செல்லுபடியாகும் பகுதி என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் எழுதியதைத் தாண்டினால் உரிமம் இல்லாத ஆள்தான். வரப்பு நேர்கோடாக இல்லாத இந்த ஊரில், மனுப் போடும்போதே இரண்டு பக்கத்து நிலத்தையும் காட்டிப் பகுதி கேட்பது நல்லது. புதுப்பிக்கவோ பழுது பார்க்கவோ மகன் எடுத்துப் போக வேண்டியிருந்தால் உரிமதாரர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று போதும், 3-ஆம் பிரிவே அதற்கு இடம் தருகிறது. கடிதத்தில் எண்ணும் தேதியும் எங்கிருந்து எங்கே என்பதும் இருக்கட்டும், மூல உரிமமும் கூடவே போகட்டும்.

மண்ணுக்கடியில் கிடைப்பது வேறு கணக்கு. தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690-இல் வாங்கியபோது பீரங்கிக் குண்டு விழுகிற தூரம்வரை அவர்கள் எல்லை என்று ஒப்பந்தம். குண்டு உப்பலவாடி என்ற பெயரும் குண்டுச் சாலை என்ற பெயரும் அந்தக் கணக்கின் மிச்சம். 1758-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள், 1783-இல் கடலூர் முற்றுகை. இந்தப் பக்கம் கடைக்கால் தோண்டும்போது இரும்புக் குண்டு வந்தால் ஆச்சரியமில்லை. மண்ணில் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். முழுக் கட்டியான குண்டு வெறும் இரும்பு. ஒரு பக்கத்தில் கட்டைவிரல் அளவுத் துளை இருந்தால் அது உள்ளே மருந்து அடைத்து எறியும் வகை. மண்ணைச் சுரண்டாதீர்கள், எடைக்குப் போடாதீர்கள், மேலே ஒரு கூடையைக் கவிழ்த்துவிட்டு போலீசுக்குச் சொல்லுங்கள்.

கோவில் திருவிழாவில் தரையில் நட்டு வெடிக்கும் இரும்பு வேட்டுக் குழாய் எதையும் எறிவதில்லை, அதனால் துப்பாக்கி விளக்கத்துக்குள் வராது. மருந்துக்கு மட்டும் வெடிபொருள் சட்டம் அப்படியே நிற்கும். கல்யாண ஊர்வலத்தில் உரிமத் துப்பாக்கியையே வானத்தைப் பார்த்துச் சுட்டாலும், பிறர் உயிருக்கு ஆபத்தாகும்படி இருந்தால் 2 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும்.

தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்போது ரசீதில் "எஸ்.பி.எம்.எல். ஒன்று" என்று மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். குழலின் நீளம், வாயின் அகலம், கட்டை எந்த மரம், எத்தனை பித்தளைப் பூண், எந்த இடத்தில் ஒட்டுப் போட்டது, எண் இருந்தால் எண், இல்லாவிட்டால் எண் இல்லை என்ற சொல், இடிகம்பி கூடவே இருக்கிறதா என்பது வரை எழுதச் சொல்லுங்கள். எண்ணில்லாத நாட்டுத் துப்பாக்கிகள் பத்து ஒரே மூலையில் சாய்ந்து நின்றால், இரண்டு மாதம் கழித்து உங்களுடையது எது என்று அந்த ரசீது ஒன்றுதான் சொல்லும்.